ஒரு கூடை மண்ணுக்கு ஒரு குகை

1. மதுரையிலிருந்து உசிலம்பட்டி போகும் பஸ் வழியில் கொதித்து நின்றது.
2. நான் ஒரு கிணற்றுக்குள் இறங்கினேன். கிணற்றுக்குள் ஒரு குகை இருந்தது.
3. திரும்பி ஏறும்போது என் தலையில் ஒரு கூடை மண் இருந்தது.
4. சோளச் சோறும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டேன். மறுபடியும் வாங்கிக்கொண்டேன்.
5. அதே வாரம் வெள்ளிக்கிழமை, இலையில் மடித்த இரண்டு பூப்பொட்டலங்களில் ஒன்றை என் கையால் எடுக்க வேண்டி வந்தது.
6. எடுக்க விரும்பாததை எடுத்தேன்.

நடந்ததை முதலில் எண் போட்டு எழுது, காரணத்தைப் பிறகு யோசி என்பது நான் வேலை பார்க்கும் இடத்தில் கற்றுக்கொடுத்த முறை. நான் பிறந்து வளர்ந்தது மலாயாவில், ஈப்போவில். அங்கே ஒரு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளராக இருக்கிறேன். பெரியம்மா மகளின் கல்யாணத்துக்காக அம்மாவுடன் மதுரைக்கு வந்தேன். கல்யாணம் முடிந்து, கப்பலுக்குச் சில வாரங்கள் மீதி இருந்தன. அம்மா தினமும் கோயிலுக்குப் போனாள். எனக்கு வேறு ஏதாவது பார்க்க வேண்டும்போல இருந்தது.

ஒருநாள் சாப்பாட்டின்போது ஈப்போவின் குகைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரைச் சுற்றி நிற்கும் மலைகள் எல்லாம் சுண்ணாம்புக்கல். மழைநீர் அந்தக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து உள்ளே குடைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஜனங்கள் அங்கே கூட்டமாகப் போவார்கள். சீனர்கள் உள்ளேயே கோயில் கட்டிப் பத்தி கொளுத்துவார்கள். பெரியம்மா மகன் சோலை அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, இலையிலிருந்து தலையைத் தூக்கினார். அவர் மாசி வீதியில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறவர். மதுரையில் இல்லாத பொருள் உலகத்தில் எங்கும் இருப்பதை அவர் ஒப்புக்கொள்வதில்லை.

"உங்க ஈப்போவுல மட்டும்தான் இருக்கா? இங்க உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பொம்பள கெணறு வெட்டி, அதுக்குள்ள அந்த மாதிரிப் புடவு கெடச்சிருக்கு. சனம் பஸ் ஏறிப் போகுது. ஞாயித்துக்கெழம கூட்டிட்டுப் போறேன், வா."

புடவு என்றால் இந்தப் பக்கத்தில் குகை. நான் நம்பவில்லை. யானைமலையும் நாகமலையும் கருங்கல். கருங்கல் தண்ணீரில் கரையாது. சொன்னேன். "வந்து பாத்துட்டுச் சொல்லு" என்றார்.

காளவாசலைத் தாண்டும்வரை பஸ் ஒழுங்காக ஓடியது. சுண்ணாம்புச் சூளைகளின் புகை சாலைக்குக் குறுக்கே படிந்திருந்தது. எனக்கு அந்த வாசனை பழக்கம். சுண்ணாம்பு சுடுகிறார்கள் என்றால் எங்கோ அதற்குக் கல் இருக்கிறது என்று அப்போதே யோசித்திருக்கலாம். அதற்குப் பிறகு நாகமலை சாலைக்கு ஒரு பக்கமாகக் கூடவே வந்தது. மலாயாவில் மலையைப் பார்க்க மரங்களை விலக்க வேண்டும். இங்கே மலையும் வெளியும் மறைக்க ஒன்றுமில்லாமல் கிடந்தன. அந்த வெட்டவெளி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

செக்கானூரணிக்கு அப்பால் பஸ்ஸின் மூக்கிலிருந்து ஆவி கிளம்பியது. ஓட்டியவரும் முதலாளியும் ஒருவரே, காதர் ராவுத்தர். இறங்கி, தோள் துண்டால் மூடியைத் திறந்து, தள்ளி நின்றார்.

"என் வண்டி மனுசன் மாதிரி. கொஞ்ச தூரம் நடந்தா ஒக்காரும், தண்ணி கேக்கும்" என்றார்.

சாலையோரத்தில் ஒரு அம்மாள் மோர் விற்றுக்கொண்டிருந்தாள். ராவுத்தர் அவளிடம் ஒரு குடம் தண்ணீர் கேட்டார்.

"பஸ்ஸுக்கா? எங்க வீட்டு மாட்டுக்கே ஒரு வேளதான் காட்டுறோம். மோர் வேணும்னா குடிங்க."

"ஊத்துங்க பாய், நல்லாப் புளிச்சிருந்தா வேகமா ஓடும்" என்றார் சோலை அண்ணன்.

பஸ் தானாக ஆறும்வரை உட்கார்ந்திருந்தோம். எல்லாரும் மோர் குடித்தோம். என்னைச் சுற்றி இருந்தவர்கள் பேசியது மழையைப் பற்றி மட்டும்தான். இரண்டு வருஷமாக அது சரியாகப் பெய்யவில்லை. மழை வராததைப் பற்றி இவ்வளவு நேரம் பேசுகிறவர்களை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஈப்போவில் மழை தினமும் வரும், ஆகவே யாரும் அதைப் பேசுவதில்லை.

பஸ் எங்களை இறக்கிவிட்ட இடத்திலிருந்து வரப்புமேல் கொஞ்ச தூரம் நடந்தோம். அறுத்த சோளத்தட்டைகள் நின்ற ஒரு காட்டின் நடுவே பெரிய மண்குவியல். அதன்மேல், கூடைகளைப் பக்கத்தில் அடுக்கி வைத்துக்கொண்டு, சுமார் முப்பது வயதுள்ள ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கிணறு அவளுடையது. பெயர் விருமாயி.

எங்களுக்கு முன்னே மதுரையிலிருந்து வந்த ஒரு கூட்டம் நின்றது. அதில் சலவை வேட்டி கட்டிய ஒருவர், பார்க்க என்ன கொடுக்க வேண்டும் என்று கேட்டார்.

"எறங்குறது இனாம் அண்ணே. ஏறுறப்ப ஆளுக்கு ஒரு கூட மண்ணு கொண்டாரணும்."

"மண்ணு சொமக்கவா நான் பஸ் ஏறி வந்தேன்?"

"சொமக்க வேணாம். மேலருந்தே பாத்துட்டுப் போங்க. வானம் நல்லாத் தெரியும்."

கூட்டம் சிரித்தது. சலவை வேட்டிக்காரர் கிணற்றை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு மரநிழலில் போய் உட்கார்ந்துகொண்டார். மற்றவர்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். நான் புடவையைத் தூக்கிச் செருகினேன். விருமாயி என் கண்ணாடியையும், நான் வாடகைக்கு எடுத்து வந்திருந்த கார்பைடு விளக்கையும் பார்த்துவிட்டு, சின்னக் கூடையாக ஒன்றைத் தேடி என்னிடம் கொடுத்தாள்.

இறக்கியது அவள் கணவர் ஒச்சப்பன். கிணற்றுச் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த படிக்கற்களில் இறங்கிக்கொண்டே கதை சொன்னார். ஒருநாள் அடிக்கல்லை நெம்பியபோது கடப்பாரை அவர் கையை விட்டு உள்ளே போய்விட்டதாம். விழுந்த சத்தம் சற்றுத் தாமதித்துக் கேட்டதாம்.

"தண்ணிக்குள்ள விழுந்துச்சுன்னு நெனச்சு வெளிய ஓடியாந்து இவகிட்டச் சொன்னேன். விளக்கக் கட்டி எறக்கிப் பாத்தா, சொட்டு இல்ல. வீடு மாதிரி எடம் கெடக்கு."

அந்தத் துளையைப் பெரிதாக்கி, சரிவு வெட்டி, வாசலாக்கியிருந்தார்கள். குனிந்து நுழைந்தேன். முதலில் விளக்கின் சுடரைப் பார்த்தேன். அசையாமல் எரிந்தது, ஆகவே காற்று நல்ல காற்று. பிறகுதான் தலையைத் தூக்கினேன்.

சோலை அண்ணன் சொன்னது உண்மை. கருங்கல் நாட்டின் நடுவே, ஒரு பட்டையாக, சுண்ணாம்புக்கல் ஓடியிருக்கிறது. கூரையிலிருந்து கல்விழுதுகள் இறங்கியிருந்தன. சில என் விரலைவிட மெல்லியவை. நுனிகளில் ஒன்றிரண்டு சொட்டுகள் விழாமல் நின்றன. ஒரு பக்கச் சுவரில் கல் மடிப்பு மடிப்பாகத் திரைபோலத் தொங்கியது. விளக்கை அதற்குப் பின்னால் பிடித்தபோது வெளிச்சம் ஊடுருவியது, வெயிலில் கன்றுக்குட்டியின் காதைப் பார்ப்பதுபோல. இளஞ்சிவப்பு, அதற்குள் நரம்புகள்.  கூட வந்த ஒரு ஆள் மெதுவாக, "நம்ம காட்டுக்கு அடியிலயா இதெல்லாம் கெடந்துச்சு?" என்றார்.

ஈப்போவின் குகைகள் இதைவிடப் பலமடங்கு பெரியவை. சிலவற்றில் இந்தக் குகையை ஒரு மாடத்தில் வைத்துவிடலாம். ஆனால் அங்கே கல்விழுதுகள் பத்திப் புகையில் கறுத்துவிட்டன, கைக்கெட்டிய இடமெல்லாம் பெயர் எழுதியிருக்கிறார்கள். இங்கே ஒரு கையும் பட்டதில்லை. வௌவால் நாற்றமும் இல்லை. நான் பிறந்த ஊரின் கற்கள் சின்ன வயதில் எப்படி இருந்திருக்கும் என்று இங்கே வந்து பார்த்தேன்.

நடுவில், ஒரு விழுதுக்கு நேர் கீழே, சொட்டிச் சொட்டி உயர்ந்த ஒரு வெள்ளைக் கல்முளை முழங்கால் உயரம் நின்றது. அதைச் சுற்றி நடந்தபோது எல்லாரும் தாங்களாகவே கொஞ்சம் விலகி நடந்தார்கள். நானும் விலகினேன்.

தரை மேற்கே சரிந்து களிமண்ணில் முடிந்தது. அந்தப் பக்கச் சுவரில் இடுப்பளவில் ஒரு பழுப்புக் கோடு. கோட்டுக்கு மேலே கல் சொரசொரப்பு, கீழே வழுவழுப்பு. களிமண் மேலே வெடித்திருந்தது. வெடிப்புக்குள் கட்டைவிரலை அழுத்தினேன், குளிர்ந்த ஈரம் பட்டது.

கூடையை நிரப்பித் தலையில் ஏற்றிக்கொண்டு வந்தேன். படிக்கற்களில் அது எளிதாக இல்லை. குவியலில் கொட்டியபோது விருமாயி, "பரவாயில்ல தாயி, சிந்தாமக் கொண்டாந்துட்ட" என்றாள். என் மேலதிகாரி இதுவரை என்னை இப்படிப் பாராட்டியதில்லை.

மதியம் விருமாயி வேப்பமரத்தடியிலேயே சாப்பாடு போட்டாள். சோளச் சோறு முதல் வாயில் தொண்டையில் நின்றது. கருவாட்டுக் குழம்போடு சேர்ந்ததும் வழி விட்டது. நான் சுவரின் பழுப்புக் கோட்டையும் களிமண்ணின் ஈரத்தையும் பற்றிச் சொன்னேன். விருமாயி கையைக் கழுவாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்த மூலையில தண்ணி இருக்கா?"

"இருந்திருக்குன்னு சுவர் சொல்லுது அக்கா. இப்ப இருக்கான்னு சொல்லலை."

"எம்புட்டு ஆழம் போகணும்?"

"தெரியாது. கல் இல்லை, களிமண்தான். வெடி வேண்டாம், கையால தோண்டலாம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அவள் ஒச்சப்பனைப் பார்த்தாள். பிறகு என்னிடம், "தண்ணி வந்தா இவரு இங்க இருப்பாரு. வராட்டி மாட்ட வித்துட்டு உங்க ஊருக்கு ரப்பர் மரம் சீவ வாராரு. ஆள் சேக்குற கங்காணிகிட்டச் சொல்லியாச்சு" என்றாள்.

எந்தக் கப்பல் என்று கேட்டேன். நாங்கள் போகும் அதே கப்பல்.

"அங்க மழ பெய்யுமா?" என்றார் ஒச்சப்பன்.

"தினமும்."

"தினமுமா? அப்ப அந்த ஊர்க்காரக எதுக்குக் கெணறு வெட்டப் போறாக" என்று சிரித்தார். விருமாயி சிரிக்கவில்லை.

"போனவக திரும்பி வாராகளா?" என்று கேட்டாள்.

சிலர் வருகிறார்கள் என்றேன். என் அப்பா வரவில்லை. அம்மா, போன நாளிலிருந்து இந்தக் கல்யாணத்துக்குத்தான் முதல் முறையாக வந்திருக்கிறாள். அதையும் சொன்னேன். விருமாயி வேறொன்றும் கேட்காமல் இன்னொரு அகப்பை சோறு வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காதர் ராவுத்தர் ஜவுளிக் கடைக்கு வந்து சோலை அண்ணனிடம் செய்தி சொன்னார். நானும் அங்கே இருந்தேன்.

"தங்கச்சி பாத்த கெணத்துல சாமி பொறந்துருச்சு" என்றார்.

பக்கத்து ஊரிலிருந்து வந்த சிலர் அந்த வெள்ளைக் கல்லுக்குப் பால் ஊற்றி, மஞ்சள் பூசி, விளக்கு ஏற்றிவிட்டார்கள். விளக்கு ஏற்றின இடத்தில் சாமியைக் கேட்காமல் இரும்பு படக்கூடாது என்பது அங்கே வழக்கம். ஊர்ப் பூசாரி வேலையை நிறுத்திவிட்டார். வெள்ளிக்கிழமை பூ வைத்துக் கேட்பதாக முடிவு.

"உங்க பஸ்ஸுக்கு நல்லதுதான பாய், கூட்டம் கூடுமே" என்றார் சோலை அண்ணன்.

"கூடும். ஆனா அந்தப் பொம்பள மொகத்தப் பாக்க முடியல, மாப்ள" என்றார் ராவுத்தர்.

வெள்ளிக்கிழமை நாங்கள் போனபோது கிணற்றைச் சுற்றி ஊரே நின்றது. மண்குவியலில் யாரும் உட்காரவில்லை. பூசாரி நடுத்தர வயது, மெலிந்த மனிதர், யாரையும் மிரட்டுகிற குரல் இல்லை. ஒரு வெள்ளரளிப் பூவையும் ஒரு செவ்வரளிப் பூவையும் தனித்தனியாகப் பூவரச இலையில் ஒரே மாதிரி மடித்து நூல் சுற்றினார். வெள்ளை வந்தால் சாமி உத்தரவு கொடுத்தது. சிவப்பு வந்தால் இல்லை.

எடுப்பதற்கு ஒரு குழந்தையை நிறுத்துவது வழக்கமாம். நிறுத்தினார்கள். உடனே ஒருவர், அது ஒச்சப்பனுக்கு அக்கா பேத்தி என்றார். இன்னொரு குழந்தை வந்தது. அது பால் ஊற்றினவர்களுக்குச் சொந்தம். அந்த ஊரில் யாருக்கும் உறவில்லாத குழந்தை ஒன்றும் இல்லை. பூசாரி சுற்றிப் பார்த்து, என்மேல் பார்வையை நிறுத்தினார்.

"இந்தப் பிள்ள கடல் தாண்டி வந்தது. யாருக்கும் ஒட்டுமில்ல, ஒறவுமில்ல. கன்னிப் பொண்ணு. எடுக்கட்டும்."

சோலை அண்ணன் என் காதருகே, "வேணாம்னா சொல்லிரு ராஜம், கெளம்பிருவோம்" என்றார்.

நான் யோசித்தேன். பொட்டலம் இரண்டு. எது வருவதற்கும் சரிபாதி வாய்ப்பு. இதற்கு மேல் என் படிப்பு இதில் உதவாது. நான் மறுத்தால் அடுத்த வெள்ளிவரை வேலை நிற்கும், கப்பல் நிற்காது. எடுக்கிறேன் என்றேன்.

கிணற்றுக்குள் இறங்கி, விளக்கெரியும் கல்லுக்கு முன்னால் நின்றோம். பூசாரி, விருமாயி, ஒச்சப்பன், ஊர்ப் பெரியவர்கள் சிலர், நான். பூசாரி பொட்டலங்களைக் கல்லின்முன் வைத்துவிட்டு உரக்கக் கேட்டார்.

"தாயே, உன்ன அசச்சு எடுத்துட்டு இங்க கெணறு வெட்டலாமா? உத்தரவு கொடு."

இடதுபக்கம் இருந்ததை எடுத்தேன். பூசாரி நூலைப் பிரித்தார். சிவப்பு.

 கூரையிலிருந்து ஒரு சொட்டு கல்லின்மேல் விழுந்த சத்தம் கேட்டது. ஒச்சப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் விருமாயியைப் பார்க்கத் தைரியமில்லாமல், கையிலிருந்த இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லதாப் போச்சு" என்றாள் விருமாயி.

பூசாரி திரும்பினார்.

"அசைக்கலாமான்னு கேட்டீக. கூடாதுன்னுருச்சு. நான் அசைக்கல. ஆத்தா இருக்குற எடத்துல இருக்கட்டும். அந்தா அந்தக் கடைசி மூலையில, களிமண்ணுல, கையால தோண்டிக்கிறேன். அங்க தோண்டாதன்னு அது சொல்லலையே."

"வெளையாடாத விருமாயி."

"என்ன வெளையாட்டு? அது பொம்பள சாமி. பக்கத்துல தண்ணி இருந்தா அதுக்கும் நல்லதுதான? நெதமும் குளிப்பாட்டத் தண்ணிக்கு நீரு எங்க போவீரு?"

பின்னால் நின்ற ஒரு பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூசாரி சிரிக்கவில்லை. விளக்கை எடுத்துக்கொண்டு மேற்கு மூலைக்குப் போனார். சுவரிலிருந்த கோட்டைக் கையால் தடவினார். குனிந்து, நான் செய்ததுபோலவே வெடிப்புக்குள் விரலை விட்டார். 

"வெடி வைக்கக் கூடாது. கடப்பார கூடாது. மம்பட்டியும் கையுந்தான். கூட எடுக்குறவுக ஒரு கும்புடு போட்டுட்டு எடுக்கணும்" என்றார். பிறகு சட்டென்று, "கூட எங்க?" என்றார். அன்றைக்கு முதல் கூடையைத் தூக்கியவர் அவர்தான்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் போனேன். சாமி இருக்கும் செய்தி பரவியதால் ராவுத்தரின் பஸ் நிரம்பி வழிந்தது. மேலே பருத்திப்பால் விற்கிறவர் ஒருவர் அடுப்பு வைத்துவிட்டார். எல்லாருக்கும் அதே விதி. கும்பிட்டவர்களும் மண் சுமந்தார்கள், வேடிக்கை பார்த்தவர்களும் சுமந்தார்கள். "அம்மன் மண்ணு" என்று சிலர் ஒரு பிடியை முடிந்துகொண்டார்கள். விருமாயி தடுக்கவில்லை. எப்படிப் போனாலும் மண் வெளியே போகிறது.

கடைசி ஞாயிறன்று சலவை வேட்டிக்காரர் மறுபடி வந்திருந்தார். இம்முறை மரநிழலுக்குப் போகவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். நான் மேலே விருமாயியோடு நின்றிருந்தேன். அவர் தலையில் கூடையோடு ஏறி வந்து கொட்டினார். கொட்டிவிட்டு, "இனி இந்த வேட்டி எதுக்கும் ஆகாது" என்று கோபமாக உதறினார். தோளிலிருந்து கணுக்கால்வரை சேறு ஒழுகியிருந்தது.

அதுவரை கொட்டிய மண் எல்லாம் பொலபொலவென்று விழுந்தது. இது சொத்தென்று விழுந்து, அடியில் கசிந்தது.

விருமாயி அந்த மனிதரின் வேட்டி முனையைப் பிடித்துப் பிழிந்தாள். அவர் பதறிப்போய், "என்னம்மா இது" என்றார். அவள் கையில் விழுந்த பழுப்புச் சொட்டுகளைப் பார்த்துவிட்டு, கிணற்றை நோக்கி, "ஏங்க" என்று ஒரே ஒரு சத்தம் கொடுத்தாள். கீழேயிருந்து ஒச்சப்பன், "தெரியுது, தெரியுது. கணுக்காலு நனையுது" என்றார்.

அன்று சாயங்காலத்துக்குள் தெளிந்த தண்ணீரை ஒரு செம்பில் எடுத்து, பையிலிருந்த சோப்புத் துண்டைக் கரைத்துப் பார்த்தேன். நுரை வரவில்லை, வெள்ளைத் திப்பிதான் மிதந்தது. சுண்ணாம்புத் தண்ணீர், எங்கள் ஊர்த் தண்ணீர் மாதிரியே. குடிக்கலாம், ஆனால் பருப்பு வேக நேரமாகும் என்று சொன்னேன்.

"அம்புட்டுத்தானா? பருப்புக்கு வேற எடத்துல தண்ணி எடுத்துக்குவேன்" என்றாள் விருமாயி.

இதை எழுதும்போது, ராவுத்தர் கொண்டுவந்த செய்திப்படி, நிலைமை இது. தண்ணீர் முழங்காலுக்கு நிற்கிறது, எடுத்தால் மறுநாள் காலைக்குள் அதே அளவுக்கு ஊறுகிறது. மாடுகளுக்கும் ஒரு பாத்தி மிளகாய்க்கும் போதும். மாடு பூட்டிக் கமலையில் இறைக்கப் போதாது. வெள்ளைக் கல் அதன் இடத்தில் இருக்கிறது, விளக்கும் எரிகிறது. மாடுகளை விற்கவில்லை. ஒச்சப்பன் தை மாதம்வரை பார்ப்பதாகக் கங்காணியிடம் சொல்லிவிட்டார். நாளை மறுநாள் நானும் அம்மாவும் கப்பல் ஏறுகிறோம். அவர் ஏறவில்லை.